நீலகிரியில் வீட்டுப் பியர், வைன் தயாரிப்பு

நீலகிரியில் வீட்டுப் பியர், வைன் தயாரிப்பு என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், குறிப்பாக உதகமண்டலம், குன்னூர் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும், பழங்கள், இஞ்சி, தானியங்கள் முதலியவற்றை நொதிக்க வைத்து வீட்டளவில் பானங்கள் ஆக்கும் வழக்கத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இங்குக் குடியேறிய ஐரோப்பியராலும், பின்னர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களாலும் இது பேணப்பட்டது. பியர் இவ்வழக்கத்தின் சிறு பகுதியே; பழ வைனும் இஞ்சி பியருமே மிகுதி. உரிமம் இன்றி இவற்றைத் தயாரிப்பது தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும்.

சொற்கள்

தமிழில் "காய்ச்சுதல்" என்னும் சொல் பெரும்பாலும் சாராயத்தையே நினைவூட்டும். சாராயம் காய்ச்சுவதில் நொதித்த ஊறலைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்து, செறிவான ஆல்ககால் பிரிக்கப்படுகின்றது. பியரிலோ வைனிலோ இவ்வாறு ஆவி பிரிப்பது இல்லை. பியர் செய்கையில் கொதிக்க வைப்பது நொதித்தலுக்கு முன்னரே நடைபெறுகின்றது. நொதித்த பின் அது அடுப்பேறுவதில்லை. நாளிதழ்ச் செய்திகளில் மூன்றும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால் குழப்பம் நேர்கின்றது.

"இஞ்சி வைன்" என்னும் பெயரும் மயக்கம் தருவது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கிறித்தவ இல்லங்களில் கிறிஸ்துமசுக்கு ஆக்கப்படும் இஞ்சி வைன் பல வேளைகளில் இஞ்சிச் சாறு, சர்க்கரைப் பாகு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, எலுமிச்சைப் புளிப்பு ஆகியவை சேர்ந்த நொதிக்காத பானமே. ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விட்டால் மட்டுமே அதில் ஆல்ககால் உண்டாகும்.

வரலாறு

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819 இல் நீலகிரிக்கு வந்ததைத் தொடர்ந்து உதகமண்டலம் ஐரோப்பியர் வாழிடமாக வளர்ந்தது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் படைமுகாம் அமைந்தபின் பியருக்கான தேவையும் பெருகியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பியர் விலை மிக்கது. மாதக்கணக்கான பயணத்தில் கெட்டுப்போகும் இடரும் இருந்தது. இயந்திரக் குளிரூட்டல் வருவதற்கு முன் சமவெளியின் வெப்பத்தில் நல்ல பியர் ஆக்குவது அரிது. எனவே இந்தியத் துணைக்கண்டத்தின் தொடக்ககால ஆலைகள் சில மலைகளையே நாடின. இமயமலைப் பகுதியில் கசௌலி, இன்றைய பாகிஸ்தானில் 1860 இல் தொடங்கிய மரீ ஆலை, இலங்கையில் நுவரெலியா ஆகியவை இதற்குச் சான்றுகள். நுவரெலியாவும் நீலகிரியைப் போலவே தேயிலையும் தமிழ்த் தொழிலாளரும் நிறைந்த மலைநாடு என்பது கருதத்தக்கது.

1915 இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து பியர் ஆலைகளை இணைத்து யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அவற்றுள் நீலகிரி ஆலையும் ஒன்று. இணைந்தவற்றுள் மிகப் பழையதான காசில் ஆலை 1857 ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று அந்நிறுவன வரலாறு கூறும். பின்னாளில் கிங்ஃபிஷர் பியரால் அறியப்பட்ட நிறுவனம் இதுவே. மலையில் படகர் பயிரிட்ட தானியங்களில் வாற்கோதுமையும் இருந்தது. அது இந்த ஆலைகளுக்கு விற்கப்பட்டது. பின்னர் உருளைக்கிழங்கும் தேயிலையும் அந்நிலங்களைப் பிடித்துக்கொண்டன.

ஹாப் கொடி இங்கு வேரூன்றவில்லை. அது நன்கு வளர்ந்து விளைவதற்கு நீண்ட கோடைப் பகல் வேண்டும். ஏறத்தாழ 11 பாகை வடக்கு அகலாங்கில் உள்ள நீலகிரியில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. குளிர் ஒத்திருந்தும் ஒளி ஒத்துவரவில்லை எனலாம். இந்தியாவில் ஹாப் பயிராவது இமாச்சலப் பிரதேசத்தின் லாகுல் பள்ளத்தாக்கில். மால்ட்டும் ஹாப்பும் உள்ளூரில் கிட்டாமையே இங்குள்ள வீடுகளில் பியரை விடப் பழ வைன் நிலைத்ததற்கு முதற்காரணமாகத் தோன்றுகின்றது.

பழ வைனும் இஞ்சி பியரும்

பிளம்ஸ், பீச், பேரி ஆகியன நீலகிரியின் பழங்கள். மே மாதத்தில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடைபெறும் காலத்தை ஒட்டி பிளம்ஸ் வரத் தொடங்கும். விலை மலியும் நாள்களில் வாங்கி ஜாடியில் இட்டால் கிறிஸ்துமசுக்குள் வைன் தெளிந்துவிடும். நசுக்கிய பழம், சர்க்கரை, ஆறிய வெந்நீர், சிறிது ஈஸ்ட் ஆகியவற்றுடன் ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்ப்பது வழமை. நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, சுமார் மூன்று வாரம் கழித்துத் துணியில் வடிகட்டித் தெளிய வைப்பர். தெளிவுக்கு முட்டை வெண்கரு சேர்ப்பதும், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. பீங்கான், கண்ணாடி, துருப்பிடிக்கா எஃகு ஆகியவற்றாலான கலங்களே ஏற்றவை. பழத்தின் புளிப்பு செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைக் கரைக்கும் என்பதால் அவை தவிர்க்கப்பட வேண்டும்.

இஞ்சி பியர் பெயரளவிலேயே பியர்; அதில் தானியம் இல்லை. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, நீர் ஆகியவற்றைக் குறுகிய காலம் நொதிக்க வைத்து, முழுதும் நொதித்து முடியுமுன்னரே புட்டியில் அடைப்பர். பழைய முறையில் "இஞ்சி பியர்ச் செடி" எனப்பட்ட மணிமணியான ஒரு பொருள் வீடு வீடாகப் பகிரப்பட்டது. அது செடியன்று, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூடி வாழும் தொகுதி என்பதை 1892 இல் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் விளக்கினார். தயிருக்கு உறை மோர் வாங்கி வருவதை அறிந்தோருக்கு இவ்வழக்கம் புதிதன்று.

பியர் ஆக்கமும் மலைச் சூழலும்

பியருக்கு முதலில் வாற்கோதுமை முளைகட்டப்படுகின்றது. முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி ஏன் நீர்த்து இனிக்கின்றதோ அதே காரணமே இங்கும்: முளைக்கும் தானியத்தில் தோன்றும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. உலர்த்திப் பொடித்த முளைதானியம் 65 முதல் 68 °செ வெப்பநிலையுள்ள நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறுகின்றது. வடித்தெடுத்த இனிப்பு நீரை ஹாப் பூக்களுடன் கொதிக்க வைத்து, விரைந்து குளிர்வித்து, ஈஸ்ட் சேர்ப்பர்.

உயரம் இதில் இருவகையில் குறுக்கிடுகின்றது. முதலாவது கொதிநிலை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் நீர் சுமார் 93 °செ வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். குன்னூரில் ஒரு பாகை கூடுதல். ஹாப்பின் கசப்பு வெளிப்படுவது வெப்பத்தைப் பொறுத்தது ஆகையால், சமவெளிக் கணக்கின்படி ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் பியரில் கசப்புக் குறையும். ஹாப்பைக் கூட்டவோ நேரத்தை நீட்டவோ வேண்டும்.

இரண்டாவது, குளிர். ஊட்டியில் குளிர்காலத்தில் தோசை மாவு புளிக்காமல் அப்படியே கிடப்பதை இல்லத்தரசிகள் அறிவர். ஈஸ்ட்டும் அவ்வாறே. ஏல் வகைப் பியருக்கான ஈஸ்ட் 16 முதல் 22 °செ வரை நன்கு இயங்கும். கோடையில் உதகையின் பகல் வெப்பம் இதற்கு மிகப் பொருத்தம். லாகர் வகைக்குரிய ஈஸ்ட் 8 முதல் 13 °செ வரையிலும் இயங்கும். சென்னையில் குளிர்ப்பெட்டி இன்றி நினைக்கவும் இயலாத ஒன்று இங்குச் சுவரோரம் வைத்த கலத்திலேயே கைகூடும். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் இரவுகளில் நொதித்தல் அடியோடு நின்றுவிடலாம்.

இங்குதான் ஆபத்து தொடங்குகின்றது. குமிழி நின்றதைக் கண்டு நொதித்தல் முடிந்தது என்று எண்ணிப் புட்டியில் அடைத்தால், மார்ச்சு மாதத்தில் வெயில் ஏறும்போது உறங்கிய ஈஸ்ட் விழித்து மீந்த சர்க்கரையை உண்ணத் தொடங்கும். வெளியேற வழியில்லாத வாயு புட்டியை வெடிக்கச் செய்யும். குமிழியை நம்பாது அடர்த்திமானியை நம்புவதே முறை. தொடக்கத்தில் 1.045 ஆக இருந்த அடர்த்தி 1.010 அளவுக்கு இறங்கி, நன்கு வெம்மையான இடத்தில் மூன்று நாள் மாறாதிருந்தால் முடிந்தது எனக் கொள்ளலாம். அப்பியரில் ஆல்ககால் ஏறத்தாழ 4.6 விழுக்காடு இருக்கும்.

புட்டியில் அடைத்தல்

பியரின் நுரைக்கும் சுறுசுறுப்புக்கும் காரணம் கார்பன் டை ஆக்சைடு. ஆலைகளில் அது அழுத்தத்துடன் செலுத்தப்படுகின்றது. வீட்டில் அடைக்கும்போது சிறிதளவு சர்க்கரை சேர்க்க, எஞ்சிய ஈஸ்ட் அதனை உண்டு புட்டிக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் போதும். இந்தியாவில் வழங்கும் 650 மில்லிலிட்டர் புட்டிக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி என்பது ஏறத்தாழ அந்த அளவே. "இன்னும் கொஞ்சம்" என்று சேர்ப்பது கண்ணாடிச் சில்லுகளில் முடியும். ஒவ்வொரு புட்டியிலும் தனித்தனியே இடுவதை விட, மொத்தப் பியரிலும் பாகாகக் கரைத்துச் சேர்ப்பது சமமாகப் பரவும். இரு வாரம் அறை வெப்பத்தில் வைத்தபின் குளிரிடத்துக்கு மாற்றுவர்.

புட்டிகள் பழுப்பு நிறத்தில் இருத்தல் நலம். ஹாப்பின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டுச் சிதைந்து கெட்ட வாடை வீசும். பழுப்புக் கண்ணாடி அதனைத் தடுக்கும். அடைக்குமுன் புட்டிகளைக் கழுவிக் கிருமி நீக்குவதே வேலையின் பெரும்பகுதி, சலிப்பூட்டும் பகுதியும் கூட. உலோக மூடியை 1892 இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெறும் வரை தக்கையும் கம்பியுமே துணை. நம்மூர்க் கோலி சோடாப் புட்டி 1872 இல் ஹிரம் காட் உருவாக்கியது. உள்ளிருக்கும் வாயுவே கோலியைத் தூக்கி வாயை அடைக்கும் அமைப்பு அது.

காலிப் புட்டி நீலகிரியில் தனிச் சிக்கலும் ஆகும். காட்டில் வீசப்படும் கண்ணாடி உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழிக்கின்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டை அடுத்து, 2022 மே மாதத்தில் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தருவோர்க்கு அதனை மீள அளிக்கும் திட்டம் முதலில் இம்மாவட்டத்திலேயே தொடங்கப்பட்டது.

சட்டநிலை

மது, அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். இராசகோபாலாச்சாரி அமைச்சரவை 1937 இல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்து, 1948 இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 இல் தளர்த்தப்பட்டு, 1974 இல் மீண்டும் வந்து, 1981 இல் மறுபடி விலக்கப்பட்டது. கடைகள் திறந்தாலும் சட்டம் நீங்கவில்லை. உரிமம் இன்றி மது தயாரிப்பது அதன்படி குற்றம். ஆல்ககால் உள்ள நீர்மம் அனைத்தையும் "மது" என அச்சட்டம் கொள்வதால், வீட்டு வைனும் பியரும் அதில் அடங்கும். "பழச்சாறுதானே" என்றோ "விற்கவில்லையே" என்றோ கூறுவது விலக்காகாது. ஆயினும் உதகையிலும் குன்னூரிலும் சுற்றுலாப் பயணிகளிடம் வீட்டு வைன் என்று விற்கப்படுவதும், காவல்துறை அவ்வப்போது அவற்றைக் கைப்பற்றுவதும் உண்டு.

பிற நாடுகளில் நிலை வேறு. பிரித்தானியா 1963 இல் வீட்டுப் பியருக்கான உரிமத்தேவையை நீக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் கூட்டரசுச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவிலும் சில மாநிலங்கள் பழங்குடியினர் தம் வீட்டுப் பயன்பாட்டுக்கு அரிசி பியர் முதலியன ஆக்கிக்கொள்ள விலக்கு அளிக்கின்றன.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அங்கு உயிர் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பழங்களை நொதிக்க வைக்கும்போதும் மிகச் சிறிதளவு மெத்தனால் இயல்பாகத் தோன்றும். காய்ச்சிச் செறிவாக்காத வைனில் அது தீங்கு தரும் அளவை எட்டுவதில்லை. எனினும் முகம் அறியாதவர் விற்கும் சீட்டில்லாத புட்டியில் என்னென்ன சேர்க்கப்பட்டுள்ளன என்பதை நாவினால் கண்டறிய இயலாது. மெத்தனாலின் சுவையும் மணமும் சாதாரண ஆல்ககாலை ஒத்தவையே.