தூசி மேல் போட்ட பழி

1967-ல் பார்ட்ரிட்ஜ், பீபிள்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே ஒரு கேள்வி: இளம் கேலக்ஸிகள் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும் என்பதுதான் அவர்கள் பதில். புதுசா பிறந்த பெரிய நட்சத்திரங்கள் புற ஊதா ஒளியைக் கொட்டும். அது பக்கத்தில் இருக்கிற ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். எலக்ட்ரான் திரும்பி வந்து ஒட்டும்போது, பெரும்பாலும் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வரும். இதுக்குப் பேர் லைமன்-ஆல்ஃபா. கேலக்ஸியோட மொத்த ஒளியில் சில சதவீதம் இந்த ஒரே நிறத்தில் குவியும்னா, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தெரியணும் இல்லையா?

தேடினார்கள். கிட்டத்தட்ட 30 வருஷம், பெரும்பாலும் வெறுங்கை.

பழி தூசி மேல் விழுந்தது. அதிலும் நியாயம் இருக்கு. லைமன்-ஆல்ஃபா ஒளியைச் சாதாரண ஹைட்ரஜன் அணு விழுங்கி, உடனே வேறு திசையில் துப்பிவிடும். அடுத்த அணு அதையே செய்யும். இப்படி வாயுவுக்குள்ளேயே சுத்திச் சுத்தி அலையும்போது, வழியில் கொஞ்சம் தூசி இருந்தாலும் கதை முடிஞ்சது. முதல் தடவை குறிப்பு எடுத்தப்போ நானும் இதோட நிறுத்திட்டேன்.

அப்படின்னா தூசியே இல்லாத கேலக்ஸி பளிச்சுனு தெரியணும். '1 ஸ்விக்கி 18' அதுக்கு அருமையான ஆள். (சாப்பாடு கொண்டுவருகிற ஸ்விக்கி இல்லைங்க, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளரின் பட்டியல்.) நமக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி கேலக்ஸி. சூரியனோடு ஒப்பிட்டால் அதில் ஆக்சிஜன் சுமார் 40-ல் ஒரு பங்குதான். தூசி உருவாகத் தேவையான சரக்கே அங்கே குறைவு. டேனியல் குந்த் குழு ஹப்பிள் தொலைநோக்கியில் பார்த்து 1994-ல் முடிவை வெளியிட்டது. ஒளி வரவேண்டிய இடத்தில் இருட்டுப் பள்ளம்!

அடுத்து ஹாரோ 2. முன்னதைவிடத் தூசி அதிகம். இருந்தும் அதில் லைமன்-ஆல்ஃபா தெரிந்தது. காரணம் அதைச் சுற்றியிருந்த வாயு. அது வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வெளியேறிக்கொண்டிருந்தது. அப்படி ஓடுகிற அணுவுக்கு, வருகிற ஒளியின் அலைநீளம் டாப்ளர் விளைவால் மாறித் தெரியும். ரேடியோவில் ஸ்டேஷன் தள்ளிப்போன மாதிரி. அணுவால் பிடிக்க முடியாது, ஒளி தப்பிச்சுடும்.

1998-ல் அதே குழு 8 கேலக்ஸிகளின் முடிவை வெளியிட்டது. ஒளி வந்த நாலிலும் வாயு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. வராத நாலில் வாயு அசையாமல் நின்றது. தூசி குற்றமே செய்யலைன்னு யாரும் சொல்லலை. ஆனா கதவைத் திறந்துவிடுவது வாயுவோட ஓட்டம்.

அதே வருஷம் ஹவாயில் கெக் தொலைநோக்கியில் கோவியும் ஹூவும் தொலைதூரத்து லைமன்-ஆல்ஃபா கேலக்ஸிகளைக் கூட்டமாகவே கண்டுபிடித்தார்கள். 1967 கணக்கு சொன்னதைவிட ரொம்ப மங்கல். இப்போ அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் எனக்கு வருகிற முதல் சந்தேகம், வாயு அசையாமல் மூடி வைத்திருக்கிற எத்தனை கேலக்ஸிகள் இந்தக் கணக்கில் சேராமலே போயிருக்கும் என்பதுதான்.