லயத்துக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையே

வெலிமடையில் புகையிரத நிலையம் இல்லை. நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாகப் பதுளைக்கு இறங்கும் ஏ-5 வீதியில் அமைந்த இவ்வூர் மக்கள், ரயிலேற வேண்டுமானால் பஸ் பிடித்து அப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ போகவேண்டும். ஊருக்கே இந்த நிலையென்றால், ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களில் வாழ்வோருக்குப் பயணம் அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்கான நடையில்தான் தொடங்குகிறது. இந்தத் தூரம் எப்படி உருவானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

மலையகப் புகையிரதப் பாதை கோப்பித் துரைமாரின் கோரிக்கையால் பிறந்தது. மாட்டுவண்டிகளில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த கோப்பியை விரைவாக இறக்குவதே அதன் நோக்கம். 1867இல் கண்டியை எட்டிய தண்டவாளம் 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துவிட, அதனிடத்தைத் தேயிலை பிடித்திருந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளை வரையிலான மிகுதித் தூரத்தைக் கடக்க மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. பதுளை நிலையம் 1924இல்தான் திறக்கப்பட்டது. பாதை எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானித்தவை தேயிலைப் பெட்டிகள், மனிதர்கள் அல்லர்.

லயங்களின் கதையும் இதுவே. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆட்கள் வந்தால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். எனவே தமிழகத்திலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கவைக்கப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள் வரிசையாகக் கட்டப்பட்டன. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு ஆட்கள் நேரத்தோடு வந்துசேர வேண்டும் என்பதே இடத்தேர்வின் அளவுகோல். பாடசாலையும் ஆஸ்பத்திரியும் கடைவீதியும் எவ்வளவு தொலைவு என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இத்தூரம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவர்களுக்கு வீதி அமைத்துத்தர எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை. 1958இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் சென்றது. நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் பஸ் போகத் தொடங்கியபோதும், தோட்டத்துக்குள் செல்லும் வீதி தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. பெரும்பாலான இடங்களில் பஸ் சந்தியோடு நின்றது.

இன்னொரு தடையைப் பலர் அறியமாட்டார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. சபைக்கு வாக்களித்த தொழிலாளிக்கு அந்தச் சபையால் ஒரு வீதியைக்கூடச் செப்பனிட்டுத்தர முடியவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இப்போது தனிவீடுகளின் காலம். சொந்தக் காணியில் வீடு என்பது கொள்கையாகியிருக்கிறது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளும் இதில் அடங்கும். வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்தக் காணி எங்கே என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படுவதில்லை.

இடம் உயிரையே தீர்மானிக்கும் என்பதைப் பதுளை மாவட்டம் அறியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேதான் வாழ்ந்தனர். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்து திரும்பினர். தப்பியவர்களுக்கு மகல்தெனியத் தோட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் இம்மாவட்டத்தை மீண்டும் மண்சரிவுகளால் தாக்கியது. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது.

ஆகவே மாற்றுக் காணி தேடும்போது, மண் உறுதியானதா என்பதோடு, பஸ் வீதிக்கு எவ்வளவு நடை என்பதையும் அளந்தாக வேண்டும். வீதியோரத்து நல்ல தேயிலை நிலத்தைக் கம்பனிகள் தாமாக விட்டுத்தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அரசே கேட்டுப் பெறவேண்டும். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய சிங்கப்பூர், வீட்டையும் சந்தையையும் பாடசாலையையும் பஸ்ஸையும் ஒரே திட்டமாக வரைந்தது. 1987இல் ஓடத்தொடங்கிய ரயிலும் அக்குடியிருப்புகளை நோக்கியே நீண்டது. ஊவாவின் மலைச்சரிவு சிங்கப்பூர் அல்ல. ஆனால் வீட்டையும் வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

லயத்துப் பிள்ளைகள் பலர் இன்று கொழுந்தெடுப்பதில்லை. அவர்கள் பட்டணத்து வேலைக்கும் உயர்தர வகுப்புக்கும் போகிறார்கள். பிரட்டுக்களத்துக்கு அருகில் இருப்பதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. சட்டத் தடை நீங்கிவிட்ட பின்னரும், வீதியில்லாத மேட்டில் புதுவீடு கட்டிக் கொடுப்போமானால், பழைய லயத்தின் தூரத்தைப் புதிய கூரையின்கீழ் மீண்டும் எழுதிவைத்தவர்களாவோம்.