நஞ்சுக்கொடி கீழே இருக்கா? முதல் பிரசவம் சிசேரியன் என்றால் ஏன் கூடுதல் கவனம்?

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நஞ்சுக்கொடி கீழே இருக்கு' என்று வந்தாலே வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்தான். ஆனால், இவர்களில் பெரும்பாலானோருக்கு கர்ப்பப்பை வளர வளர நஞ்சுக்கொடியும் மேலே விலகிவிடும். 32-வது வாரம் வாக்கில் எடுக்கும் ஸ்கேனில் அது தெரிந்துவிடும்.

டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவது, முன்பே சிசேரியன் ஆனவர்களுக்கு நஞ்சுக்கொடி கீழே இருந்தால்தான். சிசேரியன் தழும்பு உள்ள இடத்தில் கர்ப்பப்பையின் உள்படலம் சரியாக இருக்காது. நஞ்சுக்கொடி அங்கே ஒட்டினால் தசைக்குள் ஆழமாக ஊடுருவும், சிலருக்கு சிறுநீர்ப்பை வரைகூட போகும். குழந்தை பிறந்த பிறகு தானாகப் பிரிந்து வராது. பிரிக்க முயன்றால் கடுமையான ரத்தப்போக்கு ஏற்படும். தாயின் உயிரைக் காப்பாற்ற கர்ப்பப்பையையே அகற்ற வேண்டி வரலாம்.

அமெரிக்காவில் சுமார் 30,000 பெண்களிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தவர்களில் ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த ஆபத்து 11%, இரண்டு ஆனவர்களுக்கு 40%, மூன்று ஆனவர்களுக்கு 61%. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9% பிரசவங்கள் சிசேரியன், இந்திய அளவில் 21.5%. நல்ல நேரம் பார்த்து முதல் சிசேரியனுக்குத் தேதி குறிக்கும் குடும்பங்கள், அடுத்த பிரசவத்தையும் யோசிப்பது நல்லது.

வேறு யாருக்கு ரிஸ்க்? கருக்கலைப்புக்காக டி அண்ட் சி செய்தவர்கள், கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் ஆனவர்கள், 35 வயதைக் கடந்தவர்கள், ஐவிஎஃப் மூலம் கருத்தரித்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும் அபாயமும் உண்டு. அப்போது வயிறு கல் மாதிரி இறுகி வலிக்கும். ரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே தெரியாமலும் போகலாம்.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய சிசேரியன் பற்றி மறக்காமல் சொல்லுங்க. 'நஞ்சுக்கொடி தழும்பு மேல இருக்கா?' என்று நேரடியாகவே கேளுங்க. ஊடுருவல் உறுதியானால், ரத்த வங்கியும் ஐசியு வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையில், பொதுவாக 34 முதல் 36 வாரத்துக்குள் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். அதற்கு முன்பே ரத்தம் பட்டால், வலி இல்லையே என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு போன் பண்ணுங்க.