நன்றியுரையின் கடைசி வரி: பல்கலைக்கழகத் தமிழ்க்கல்வி வரலாற்றில் அலுவலகப் பணியாளர்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் தமிழ்க்கல்வி வளர்ந்த வரலாற்றைக் கூறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைகின்றன. துறை தோன்றிய ஆண்டு, அதற்காக உழைத்த தலைவர்கள், துறைத்தலைவர்களின் வரிசை, நடந்த மாநாடுகள், வெளிவந்த நூல்கள் என்னும் ஒழுங்கில் அவை செல்கின்றன. இவ்வொழுங்கு பிழையானதன்று, ஆயினும் நிறைவானதும் அன்று. மாணவர் பதிவேட்டைப் பேணியவர், தேர்வுத் தாளைத் தட்டச்சு செய்தவர், நூலட்டைகளை அடுக்கியவர், அயல்நாட்டிலிருந்து வந்த அறிஞருக்குத் தங்குமிடம் தேடித் தந்தவர் ஆகியோர் இவ்வரலாற்றுக்குள் வருவதில்லை. ஆய்வேட்டு நன்றியுரையின் கடைசி வரியே அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடமாக உள்ளது.

இக்குறைக்கு இக்கட்டுரையாளரும் விலக்கானவர் அல்லர். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட காலத்தில், பதிவு நீட்டிப்பு முதல் வாய்மொழித் தேர்வு நாள் வரை அனைத்தையும் ஒழுங்குசெய்து தந்தவர் அத்துறையின் செயலராக இருந்த அம்மையார் ஒருவர். நெறியாளரின் பெயரைப் பட்டங்களுடன் எழுதிய கை, அவ்வம்மையாரைத் ‘துறை அலுவலகத்தினர்’ என்ற இரு சொற்களுக்குள் அடக்கிவிட்டது. ஆண்டுகள் பல சென்றபின், நம் துறைகளில் வெளிவந்த ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் புரட்டியபோதுதான், இது பொதுவழக்கு என்பது புலனாயிற்று.

பல்கலைக்கழகத் தமிழ்க்கல்விக்கு அலுவலகப் பணியாளர் ஆற்றிய பங்கு எத்தகையது? அவர்களிடையே நிலவிய கூட்டுறவு எவ்வாறு அமைந்தது? அதனைப் பாராட்டும் முறை எவ்வாறு மாறியது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

கிராணி மரபு

மலாயாத் தமிழர் அலுவலக எழுத்தரைக் ‘கிராணி’ என்றே வழங்கினர். மலாய் மொழியிலும் இச்சொல் சிறு ஒலி வேறுபாட்டுடன் வழங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவிலும் இது வழக்கில் இருந்தது. தோட்டப்புறத்தில் துரைக்கும் கங்காணிக்கும் இடையே நின்றவர் கிராணி. ‘பெரிய கிராணியார்’ என்று மரியாதை விகுதி சேர்த்தே அவரை அழைத்தனர். அச்சமும் மதிப்பும் கலந்த விளி அது. நகர்ப்புறத்தில் அரசு அலுவலகம், இரயில்வே, அஞ்சலகம், வணிக நிறுவனம் ஆகியவற்றில் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் பலர் எழுத்தராகப் பணிபுரிந்தனர்.

இவ்வெழுத்தர் வகுப்பிலிருந்து நிறுவனங்களைக் கட்டியெழுப்பியோர் தோன்றினர் என்பது நம் வரலாற்றில் போதிய அழுத்தம் பெறவில்லை. சிலாங்கூர் அரசுக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக இருந்த கா. தம்புசாமிப் பிள்ளை, கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலின் தோற்றத்துடனும் 1893இல் தொடங்கப்பெற்ற விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியுடனும் இணைத்துப் பேசப்படுபவர். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அலுவலக மேசையின் முன் அமர்ந்து ஆங்கிலத் தட்டச்சில் தேர்ந்த ஒருவரே, தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டும் என எண்ணினார். அவர் வகுத்த அமைப்பின்படி பொறிகள் செர்மனியில் உருவாயின. தமிழாய்வின் கருவிகளுள் ஒன்றைத் தந்தவர் ஓர் எழுத்தர் என்பது இங்குக் கருதத்தக்கது.

எழுத்தர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட கூட்டுறவும் வரலாற்றுச் சிறப்புடையது. மாதச் சம்பளம் பெறுவோர் வட்டிக் கடனில் சிக்கித் தவித்தமை, மலாயாவில் கூட்டுறவு இயக்கம் தொடங்கக் காரணமான சிக்கல்களுள் ஒன்று. 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு சூலையில் முதற்சங்கமாகப் பதிவானது அஞ்சல், தந்தித் துறை ஊழியர்களின் சிக்கன, கடனுதவிச் சங்கமே. சிங்கப்பூரிலும் 1925இல் தோன்றிய முதற்கூட்டுறவுச் சங்கம் அரசு ஊழியர்களுடையதாகும். இனம், மொழி கடந்து, ஒரே அலுவலகத்தில் பணிபுரிகிறோம் என்ற ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு மனிதர் ஒருவர்க்கொருவர் பிணை நின்றனர். சகபணியாளரை மதித்தல் என்பது அவர்கள் அளவில் கடன் பத்திரத்தில் இடும் கையொப்பமாகவே இருந்தது.

துறையின் தோற்றமும் அலுவலகமும்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அதன் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. துறையில் தமிழுக்கே முதன்மை வேண்டும் என்ற கோரிக்கையைத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னெடுத்ததையும், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்துடன் நிதி திரட்டியதையும் நாம் நன்கறிவோம். தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், ஆசிரியர் எனச் சாதாரண மக்கள் அளித்த சிறு தொகைகள் அந்நிதியில் சேர்ந்தன. 1924இல் சிங்கப்பூருக்கு வந்த சாரங்கபாணியும் தொடக்கத்தில் கணக்கெழுதும் பணியில் இருந்தவரே. சிறு தொகைகளால் ஆகும் நிதியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு பற்றுச்சீட்டு வேண்டும். ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் பேரேட்டில் ஒரு வரி வேண்டும். கொடுத்தவர் நம்பிக்கை அந்த வரியில்தான் காக்கப்படுகிறது. மேடையில் எழுந்த முழக்கம் வரலாற்றில் பதிவாயிற்று. பேரேட்டை எழுதியவர் பதிவாகவில்லை.

1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு தன்னாட்சிப் பிரிவுகளாயிற்று. 1962இல் அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூரில் நிலைபெற்றது. 1961இல் துறைப்பொறுப்பை ஏற்ற தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அதன் கட்டுரைத் தொகுதிகள் 1968, 1969ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தன.

மின்னஞ்சலும் ஒளிப்படியும் பரவலாகாத காலத்தில் பன்னாட்டு மாநாடு ஒன்றை நடத்துவது எத்தகைய உழைப்பைக் கோரியிருக்கும் என்பதை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அழைப்புக் கடிதம் ஒவ்வொன்றும் தட்டச்சில் உருவாக வேண்டும். படி கார்பன் தாளில் எடுக்கப்பட்டுக் கோப்பில் சேர வேண்டும். விடைக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, வாராதபோது நினைவூட்டல் எழுத வேண்டும். ஆய்வுரைகளை மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் பொறியில் சுழற்றி, பக்க வரிசைப்படி அடுக்கித் தைக்க வேண்டும். அடிகளாரின் தொலைநோக்கும் பன்மொழிப் புலமையும் இன்றி அம்மாநாடு பிறந்திராது. அலுவலகத்தின் கைகள் இன்றி அது நடந்தேறியும் இராது.

நூலகத்தாரின் பங்கையும் இங்கு இணைத்து நோக்க வேண்டும். ராம. சுப்பையா தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ என்னும் நூற்பட்டியல், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆராய்வோர்க்கு இன்றும் தொடக்கப்புள்ளியாக உள்ளது. நூல்களைத் தேடிப் பெறுதல், தலைப்பை ஒலிபெயர்த்தல், அட்டை எழுதுதல், அகர வரிசையில் அடுக்குதல் ஆகிய அன்றாடப் பணிகள் இல்லாமல் இத்தகைய பட்டியல் எதுவும் உருவாதல் அரிது.

விரல்களின் தமிழறிவு

தமிழ்த் தட்டச்சு வெறும் கைப்பழக்கம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது தவறானது. கையால் எழுதும்போது மெய்யெழுத்தை எழுதியபின் புள்ளியிடுகிறோம். தமிழ்த் தட்டச்சுப் பொறியிலோ புள்ளியை முதலில் அடித்து, அதன்பின் எழுத்தை அடிக்க வேண்டும். புள்ளிக்குரியது நகராத விசை; அடுத்த எழுத்து அதன் கீழ் வந்து பதியும். இகர, ஈகாரக் குறிகளுக்கும் இதுவே முறை. ஆகவே, தட்டச்சர் ஒவ்வொரு சொல்லையும் எழுத்து வரிசைக்கு மாறான வரிசையில் மனத்துள் அமைத்துக்கொண்டே விரலை இயக்கினார். மெழுகுத்தாளில் நேர்ந்த பிழையைத் திருத்து மையால் மூடி, உலரும்வரை காத்திருந்து மீண்டும் அடித்தார்.

1978இல் தமிழக அரசு அறிவித்த எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் இந்நாடுகளிலும் ஏற்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் படிந்த விரல் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் சுமையும் தட்டச்சரைச் சேர்ந்தது. 1990களில் கணினி வந்தது; மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ போன்ற மென்பொருள்கள் தமிழை அலுவலகத் திரைக்குக் கொணர்ந்தன. எனினும், ஒருங்குறி பரவும்வரை எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறுபட்டது. ஒரு விரிவுரையாளர் கொணர்ந்த கோப்பு மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தேர்வுக்கு முந்திய நாள்களில் அவற்றை மீண்டும் தட்டச்சு செய்து தந்தவர்களை நாம் அறிவோம். அவர்களைப் பற்றி எழுதியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்திற்குப் பின் அலுவல் நடைமுறைகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. தமிழ் பயிற்றும் துறைகளின் அலுவலகங்களில் தமிழறியாத மலாய்ப் பணியாளர் பலர் பொறுப்பேற்றனர். மாணவர் பெயரில் எது இயற்பெயர், எது தந்தை பெயர் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டனர். ஒரே பெயருடைய இருவரின் கோப்புகள் மாறிவிடாமல் காத்தனர். தீபாவளி, பொங்கல் நாள்களை நினைவிற்கொண்டு கூட்டங்களை ஒழுங்குசெய்தனர். அவர்களுள் மூத்த பெண்களை நாம் ‘காக்’ என்று, அதாவது அக்கா என்று, மலாயில் விளிக்கிறோம். தமிழ்த்துறையின் நினைவாற்றல் ஒருவகையில் அந்த அக்காமாரிடம் உள்ளது. அவர் பணி ஓய்வு பெறும் நாளில், எந்தக் கோப்பு எந்த அலமாரியில் உள்ளது என்ற அறிவும் உடன் சென்றுவிடுகிறது.

பாராட்டும் பங்கீடும்

மலேசியப் பொதுச்சேவையில் 1992இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய முறை, ஆண்டுதோறும் பணி மதிப்பீட்டைச் சம்பள உயர்வுடன் பிணைத்தது. அரசுப் பல்கலைக்கழகப் பணியாளரும் இதற்கு உட்பட்டனர். உயர்வின்மை, கிடைநிலை, செங்குத்து, மூலைவிட்டம் என உயர்வு நால்வகைப்பட்டது. மேனிலை உயர்வுகளுக்கு எண்ணிக்கை வரம்பும் இருந்தது. சிறந்த சேவைக்கான விருதும் பணியாளருள் நூற்றுக்கு 8 பேர் என்ற அளவில் வழங்கப்படலாயிற்று. 2002 நவம்பரில் வந்த மலேசிய ஊதிய முறை திறநிலை மதிப்பீட்டுத் தேர்வைச் சேர்த்தது. அத்தேர்வு 2011இல் கைவிடப்பட்டது. ‘கிராணி’ என்ற பதவிப்பெயரும் இம்மாற்றங்களுக்கிடையே ‘நிர்வாக உதவியாளர்’ என்றாயிற்று.

உழைப்பவரைப் பாராட்ட வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்ததே. விருது பெற்றோர் தகுதியற்றோரும் அல்லர். ஆயினும், அலுவலகப் பணி கூட்டாகச் செய்யப்படுவது. ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவர் அவர் மேசையையும் பார்த்துக்கொள்வதால்தான் பணி நடைபெறுகிறது. அறுவரில் ஒருவர் மேடையேறும்போது, அவரைத் தாங்கிய ஐவர் கீழே அமர்ந்து கைதட்டுகின்றனர். அடுத்த ஆண்டு இன்னொருவர் முறை எனப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் சில அலுவலகங்களில் தோன்றியதைச் சிலர் குறைகூறுவர். கூட்டுழைப்பைத் தனிமனித மதிப்பெண்ணாக்கும் முறைக்கு, அவ்வூழியர் தமக்குத் தெரிந்த வழியில் கூறிய விடையாகவும் அதனைக் கொள்ளலாம்.

விருதுக்கு அப்பால் அவர்களிடையே வேறொரு பாராட்டு முறை இருந்தது, இன்றும் இருக்கிறது. மாதந்தோறும் சில வெள்ளி செலுத்தும் நலநிதி, திருமணத்திற்கு மொய் உறை, மகப்பேற்றின்போது வீடுதேடிச் செல்லுதல், இறப்பு நேர்ந்தால் அன்றே கையளிக்கப்படும் உதவித்தொகை ஆகியவை அதன் கூறுகள். 1922ஆம் ஆண்டின் சிக்கன, கடனுதவிச் சங்கத்துடன் வைத்து நோக்கின், இது நூறாண்டு கடந்த மரபின் தொடர்ச்சி என்பது விளங்கும். விரிவுரையாளராகிய நம்மிடையே ஒருவர் மற்றவரின் கட்டுரையைப் படிப்பதும் அரிதாகிவரும் நாளில், அந்நலநிதிப் பட்டியல் நமக்கும் கற்பிப்பது உண்டு.

முடிவுரை

1956இல் தோன்றிய துறையின் தொடக்கக் காலத்தைக் கண்ட அலுவலகப் பணியாளருள் இன்று நம்மிடையே இருப்போர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும். பின்வந்தோர் பலரும் ஓய்வு பெற்றுவிட்டனர். அலுவலகங்கள் இடம் மாறும்போதும் புலங்கள் இணைக்கப்படும்போதும் பழைய கோப்புகள், நூலட்டைகள், வருகைப் பதிவேடுகள் ஆகியவை கழிவுத்தாளாகின்றன. தாள் அழிந்தபின் நினைவு மட்டுமே எஞ்சும். நினைவுடையோரும் மறைந்தபின் எதுவும் எஞ்சாது.

எனவே, நாம் செய்யத்தக்கன மூன்று உள. முதலாவது, ஓய்வு பெற்ற எழுத்தர், தட்டச்சர், நூலகப் பணியாளர், அலுவலக உதவியாளர் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். இளங்கலை மாணவர்க்கு இதனைப் பயிற்சி ஆய்வாக அளிக்கலாம். இரண்டாவது, துறை மலர்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் அலுவலகப் பணியாளரின் பெயர்களை முழுமையாக, அவரவர் செய்த பணியுடன் அச்சிடுதல் வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களும் தம் பள்ளி எழுத்தரையும் தோட்டப் பணியாளரையும் இவ்வாறு பதிவுசெய்யலாம். மூன்றாவது, பழைய அலுவலகப் பதிவுகளை எறிவதற்கு முன், வரலாறு அறிந்த ஒருவரிடம் காட்டும் நடைமுறை வேண்டும்.

விருது விழா ஒரு மாலையில் முடிந்துவிடும். பெயருடன் அமைந்த பதிவு நூலகத்தில் நின்று நிலைக்கும். வரலாறு பயிற்றும் நாம் உடன் பணிபுரிந்தோர்க்குத் தரக்கூடிய பாராட்டு அதுவே. அவ்வம்மையாரின் பெயர் இல்லாத ஆய்வேடு இக்கட்டுரையாளரின் அலமாரியில் இன்றும் உள்ளது. இனி நம் மாணவர் எழுதும் நன்றியுரையிலேனும் கடைசி வரியில் ஒரு முழுப்பெயர் இடம்பெறுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.