குழந்தைப் பிணைப்பும் பிறவிக் குணமும்

பிணைப்பு என்பது குழந்தை தன்னைப் பேணுபவரிடம் பாதுகாப்பை நாடும் உணர்வுத் தொடர்பு ஆகும். பிறவிக் குணம் என்பது எளிதில் அழுதல், புதியவரிடம் தயங்குதல், விரைவில் அமைதியடைதல் போன்று சிறு வயதிலேயே வெளிப்படும் இயல்பு ஆகும். பிணைப்பின் தன்மையைத் தீர்மானிப்பது குழந்தையின் குணமா, பெறும் பராமரிப்பா என்பது வளர்ச்சி உளவியலில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வியாகும்.

பின்னணி

பிணைப்புக் கோட்பாட்டை இங்கிலாந்தைச் சேர்ந்த உளமருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990) உருவாக்கினார். மேரி எயின்ஸ்வர்த் (1913–1999) உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்காவின் பால்ட்டிமோரிலும் தாய்-சேய் உறவை ஆராய்ந்தார். அவர் வகுத்த புதுச்சூழல் சோதனையில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைத் தாய் இருமுறை சிறிது நேரம் பிரிந்து திரும்புவார். குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பியதும் அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே முதன்மையாகக் கவனிக்கப்படும். தாயிடம் ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடச் செல்வது பாதுகாப்பான பிணைப்பைக் குறிக்கும். தாயைத் தவிர்ப்பதும், ஆறுதலடையாமல் சினந்து எதிர்ப்பதும் பாதுகாப்பற்ற பிணைப்பின் வகைகள் ஆகும்.

பிறவிக் குணம் பற்றிய ஆய்வுகளில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் ஆகியோர் 1956 இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு முக்கியமானது. அவர்கள் எளிதான குழந்தைகள், கடினமான குழந்தைகள், மெதுவாகப் பழகும் குழந்தைகள் என மூன்று வகைகளைக் கூறினர். ஏறத்தாழ 35% குழந்தைகள் இவ்வகைகளுள் அடங்கவில்லை.

விவாதம்

புதுச்சூழல் சோதனை பெரிதும் அளவிடுவது குழந்தையின் அச்ச இயல்பையே என்று ஜெரோம் கேகன் வாதிட்டார். ஆனால் ஒரே குழந்தை தாயிடம் பாதுகாப்பான பிணைப்பும் தந்தையிடம் பாதுகாப்பற்ற பிணைப்பும் கொண்டிருக்கக்கூடும். குணம் மட்டுமே காரணமாயின் இவ்வேறுபாட்டை விளக்குதல் கடினம். 1987 இல் ஜே பெல்ஸ்கி, மைக்கேல் ரோவின் ஆகியோர் இடைப்பட்ட கருத்தொன்றை முன்வைத்தனர். இதன்படி, பிணைப்பு பாதுகாப்பானதா என்பதில் பராமரிப்பும், அது எந்த வடிவில் வெளிப்படும் என்பதில் பிறவிக் குணமும் கூடுதல் பங்கு வகிக்கின்றன.

ஆய்வு முடிவுகள்

நெதர்லாந்தில் வான் டென் போம் எளிதில் எரிச்சலடையும் 100 குழந்தைகளை ஆராய்ந்து 1994 இல் முடிவுகளை வெளியிட்டார். குழந்தையின் குறிப்பறிந்து செயற்படப் பயிற்சி பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் பெரும்பான்மையோர் ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்பைக் கொண்டிருந்தனர். பயிற்சி பெறாத தாய்மாரின் குழந்தைகளில் இவ்வாறு இருந்தோர் மிகக் குறைவு. 2003 இல் வெளியான இரட்டைக் குழந்தைகள் பற்றிய ஆய்வும் பிணைப்பின் பாதுகாப்பில் மரபணுக்களின் பங்கு சிறிது என்றே காட்டியது.

எனவே அழுகை மிகுந்த குழந்தை பாதுகாப்பற்ற பிணைப்புக்கு விதிக்கப்பட்டதன்று. அவ்வழுகை தாயின் குறையைக் காட்டும் சான்றும் அன்று. அத்தகைய குழந்தையைப் பேணுவது கூடுதல் உழைப்பை வேண்டுவதால், பெற்றோருக்குத் துணை கிடைப்பது இன்றியமையாததாகும்.