வெப்பக் குழாய்ப் பாய்மங்களின் வரலாறு

வெப்பக் குழாய் என்பது காற்றை நீக்கிச் சிறிதளவு நீர்மம் நிரப்பி மூடப்பட்ட உலோகக் குழாய் ஆகும். சூடான முனையில் நீர்மம் ஆவியாகி வெப்பத்தை உள்வாங்குகிறது; குளிர்ந்த முனையில் ஆவி நீர்மமாகி அவ்வெப்பத்தை வெளிவிடுகிறது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, உட்சுவரிலுள்ள நுண்துளைத் திரி நீர்மத்தைச் சூடான முனைக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. பம்பும் மின்சாரமும் தேவையில்லை என்பதால், மின்வாகன மின்கலங்களைக் குளிர்விக்க இக்குழாய்கள் ஆராயப்படுகின்றன.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் குடும்பத்தினர் நீர் நிரப்பி மூடிய இரும்புக் குழாய்களால் ரொட்டி அடுப்புகளைச் சூடாக்கினர். அவற்றில் திரி இல்லை. புவியீர்ப்பினால் நீர் திரும்பியது. திரியுள்ள அமைப்புக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் காக்லர் 1942இல் காப்புரிமை கோரி, 1944இல் பெற்றார். கார் நிறுவனத்தில் பிறந்த அக்கருத்து அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதை விண்வெளித் தேவைக்காகத் தனியே உருவாக்கினார். உயர் வெப்பநிலைக்குச் சோடியத்தைப் பயன்படுத்தினார்.

உலோகமும் பாய்மமும்

ஆவியாதல் வெப்பம், பரப்பு இழுவிசை, அடர்த்தி ஆகியவை மிகுந்தும் பாகுநிலை குறைந்தும் இருப்பது நல்ல பாய்மம். 40 பாகை செல்சியசில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் கொள்ளும். அமோனியா 1,100, ஆர்134ஏ என்னும் குளிர்பதனப் பொருள் 163 மட்டுமே கொள்ளும். ஆனால் நீர் அலுமினியத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். நீர்மமாகாத அவ்வளிமம் குளிர்முனையை அடைத்துவிடும். எனவே மடிக்கணினிகளில் நீருடன் செப்பு சேர்ந்தது. எடை முக்கியமான செயற்கைக்கோள்களில், இந்தியாவினுடையவை உட்பட, அலுமினியமும் அமோனியாவும் இணைந்தன.

மின்கலத் தேவை

லித்தியம் அயனி மின்கலத்துக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 35 பாகை. அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் மிகக் குறைவு. நீர் வேலைசெய்யும் எல்லையின் அடிவிளிம்பு அது. அமோனியாவோ 40 பாகையில் 15 வளிமண்டல அழுத்தத்தை எட்டும், கசிந்தால் நச்சு. அசிட்டோன் இலேசான அலுமினியத்துடன் ஒத்துப்போகும், ஆனால் எளிதில் தீப்பற்றும். ஆர்134ஏ எளிதில் தீப்பற்றாது. எனினும் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டைஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது.

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூர் போன்ற ஊர்களில் கோடை வெயில் 40 பாகையைத் தொடும். நீர் உறைந்து குழாய் வெடிக்கும் அச்சம் இங்கில்லை. செப்பு–நீர் இணைக்கு இது சாதகம். ஆனால் வெப்பக் குழாய் வெப்பத்தைக் கடத்துமே தவிர, சுற்றுக்காற்றைவிடக் குளிர்விக்காது. ஆகவே இத்தகைய இடங்களில் எப்பாய்மத்தைத் தேர்ந்தாலும், குளிர்முனையில் குளிர்பதன அமைப்பு ஒன்று தேவைப்படும்.