கென்னடி மறைந்த மறுநாள், மாலை 5.16

'டாக்டர் ஹூ' தொடர் பிறந்த கதையை யாரிடம் கேட்டாலும் கென்னடியில்தான் தொடங்குவார்கள். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, அமெரிக்க அதிபர் டாலஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மாலை பிபிசி தன் புதிய அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. செய்தி அறிக்கையால் நிகழ்ச்சி பத்து நிமிடம் தள்ளிப்போனது, துக்கத்தில் இருந்த நாடு அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அதனால்தான் அடுத்த சனிக்கிழமை மறுபடி போட்டார்கள் என்று கதை போகும். அன்று பார்த்தவர்கள் என்னதான் சொன்னார்கள் என்று பழைய தாள்களில் தேடப் போனேன். கதையின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

முதலில் நேரம். ஒளிபரப்பு 5.15-க்குத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியது 5 மணி 16 நிமிடம் 20 விநாடிக்கு. தாமதம் 80 விநாடிதான்.

அடுத்தது கூட்டம். பார்த்தவர்கள் 44 லட்சம் பேர், அதாவது 9.1 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 9.1 சதவீதம் என்றே இதைப் பலரும் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் படுதோல்வி போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 44 லட்சம் 9.1 சதவீதம் என்றால், நூறு சதவீதம் ஏறத்தாழ 4.8 கோடி. பிரிட்டனின் அன்றைய மொத்த மக்கள்தொகையே சுமார் 5.3 கோடி. அதில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கழித்தால் கிட்டத்தட்ட இந்த எண்தான் வரும். ஆக, இது நாட்டு மக்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. ஒரு புது நிகழ்ச்சியை, தேநீர் வேளையில், பதினோரு பேரில் ஒருவர் பார்த்திருக்கிறார். இதைப் புறக்கணிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த எண்கள் பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இவற்றைத் தொகுத்தது, ராபர்ட் சில்வே 1936-இல் பிபிசியில் வானொலி நேயர்களுக்காகத் தொடங்கிய ஆய்வுப் பிரிவு. கள ஆட்கள் தினமும் மக்களைச் சந்தித்து, நேற்று என்ன கேட்டீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று விசாரிப்பார்கள். எத்தனை பேர் என்ற எண் அதிலிருந்து வரும். பிடித்ததா என்பது வேறு விசாரணை. அதற்கென்றே ஒரு பார்வையாளர் குழு இருந்தது. வினாத்தாளை நிரப்பி, ஏ பிளஸ் முதல் சி மைனஸ் வரை தரம் போட்டு அனுப்புவார்கள். அந்தத் தரங்களை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிக்கொள்வார்கள். தலைகளை எண்ணுவது ஒன்று, மனத்தை அளப்பது இன்னொன்று. கென்னடி கதையைச் சொல்பவர்கள் முதலாவதை மட்டுமே பார்த்தார்கள்.

இரண்டாவதில்தான் எனக்குப் புதையல் கிடைத்தது. முதல் பகுதியின் மதிப்பெண் 63. அந்தப் பகுதிக்கான அறிக்கையில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் பேசுகிறார். பெயர் கிடையாது, பிபிசியின் அன்றைய வழக்கப்படி தொழில் மட்டும்தான். வெல்ஸின் கால இயந்திரமும் டிக்கன்ஸின் பழம்பொருள் கடையும் கலந்த விண்வெளிக் கதை, அதில் கொஞ்சம் ஊமைப்பட நகைச்சுவையும் உண்டு என்கிறார் அவர். தொடர் நாயகனின் கலமான தெருவோர போலீஸ் பெட்டி விண்ணில் பறந்து இறங்கியதைக் கண்டு, அதிலிருந்து பழைய ஊமைப்படங்களின் கீஸ்டோன் காவலர் கூட்டமே குதித்து வரும் என்று எதிர்பார்த்தாராம். முந்திய நாள் படுகொலையின் நிழல் இந்த வரிகளில் இல்லை. 27 வயதுத் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட்டும், லக்னோவில் பிறந்த 24 வயது இயக்குநர் வாரிஸ் ஹுசைனும் இதே பகுதியை ஒருமுறை எடுத்து, மேலதிகாரி சிட்னி நியூமன் நிராகரித்ததால், மறுபடி முழுக்க எடுத்தவர்கள். அந்த உழைப்புக்கு முதல் பதில் சொன்னவர்களில் இந்த மனிதரும் ஒருவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப் பிரியம்.

துக்கம் மக்களை டிவியிலிருந்து விலக்கியது என்பதும் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளி இரவு, சுடப்பட்ட செய்தி வந்தபின் நகைச்சுவை நிகழ்ச்சியை ஒளிபரப்பியதற்காக மக்கள் கோபத்தோடு பிபிசிக்குத் தொலைபேசியில் புகார் சொன்னார்கள். திரைக்கு முன்னால் இருந்தவர்கள்தானே கோபப்பட முடியும்? சனிக்கிழமை சில பகுதிகளில் மின்வெட்டு இருந்தது. மறுஒளிபரப்புக்கு அதுவும் ஒரு காரணம், கதையில் அது மறைந்துபோகிறது. நவம்பர் 30 அன்று இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதல் பகுதியை மீண்டும் போட்டபோது 60 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதன்பிறகு, இரண்டாம் பகுதி முதல் நான்காம் பகுதி வரை, கற்கால மனிதர்களின் கதை. பார்ப்பவர் எண்ணிக்கை 59 லட்சம், 69 லட்சம், 64 லட்சம் என்று போகிறது. மதிப்பெண்ணோ 59, 56, 55 என்று வாராவாரம் இறங்குகிறது. இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தபோதுதான் விஷயம் துலங்கியது. குறைவான பேர் பார்த்த முதல் பகுதிதான் அந்த நான்கில் அதிகம் விரும்பப்பட்டது. தொடர் தள்ளாடியது என்றால் அது டிசம்பரில், குகைக்குள்.

அதைத் தூக்கி நிறுத்தியது, வரவே கூடாது என்று சொல்லப்பட்ட ஒன்று. 1962-இல் ஆலிஸ் ஃப்ரிக்கும் ஜான் பிரேபனும் பிபிசிக்குள் எழுதிய அறிக்கை, துருத்திய கண் அரக்கர்கள் வேண்டாம், தகர ரோபோக்களை மையப் பாத்திரங்களாக வைக்க வேண்டாம் என்றது. நியூமனின் எண்ணமும் அதுவே. டெர்ரி நேஷன் எழுதிய டாலெக்குகள் என்ற உலோகக் கவச அரக்கர்களை லாம்பெர்ட் அதையும் மீறித் திரைக்குக் கொண்டுவந்தார். டிசம்பர் 21 அன்று 69 லட்சத்தில் தொடங்கிய அந்தக் கதை, ஜனவரி 4 அன்று 89 லட்சத்தைத் தொட்டு, ஒரு கோடியே நான்கு லட்சத்தில் முடிந்தது. அவ்வளவு கூட்டம் வந்தும், முதல் பகுதிக்குக் கிடைத்த 63-ஐத் தாண்ட 1964 பிப்ரவரி 1 வரை பிடித்தது. அன்று ஒளிபரப்பான ஏழாம் டாலெக் பகுதிக்கு 65.